நான் அடிக்காத அறை

அண்ணன் மகள் ஜெனிட்டா போன வாரம் ஜெராக்ஸ் கடையிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்து, ஒரு கட்டுத் தாளை என் மடியில் போட்டாள். தாள்கள் இன்னும் சூடாக இருந்தன. கல்லூரியில் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்களாம், சிறுகதைகளில் துணிச்சலான பெண்கள் என்று.

"அத்தை, இதுல ஒரு கதை நம்ம கடத்தூர்ல நடக்குது. ஒரு டைப்பிஸ்ட் பொண்ணு ஆபீசரைப் பளார்னு அறையுறா. செம கேரக்டர். நீகூட டைப்பிஸ்டாத்தானே இருந்த?"

இருந்தேன். தலைப்பைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அதை உங்களுக்குச் சொல்ல மாட்டேன். சொன்னால் தேடிப் படிப்பீர்கள். படித்தால் அவளைப் பிடித்துப்போகும். என் அப்பாவுக்கே பிடித்துப்போனது.

சூடான தாளின் வாசனை ஒரு மாதிரி ஆளைக் கிறங்கடிக்கும். எங்கள் காலத்தில் அந்த இடத்தில் கார்பன் தாள் இருந்தது. மெழுகும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாசனை. விரல் நுனியில் ஏறிய நீலம் சோற்றில் இறங்கும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசைக்குப் போய்க் கைகூப்பி நின்றால், பக்கத்தில் இருப்பவர்கள் என் விரல்களைத்தான் பார்ப்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை. எங்கள் ஊர் பாப்பாரப்பட்டிக்கு உள்ளே தள்ளி இருக்கிறது. கடலைக்காயும் கேழ்வரகும் போட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள். அங்கிருந்து நீல விரலோடு சம்பளம் வாங்கப் போன முதல் பெண் நான்தான்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது. கடத்தூரில் ஓர் அலுவலகத்தில் தற்காலிக டைப்பிஸ்ட். என்ன அலுவலகம் என்று கேட்காதீர்கள், அது இப்போது எதற்கு? மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆர்டரைப் புதுப்பிப்பார்கள். புதுப்பிப்பது கண்காணிப்பாளர் கையில் இருந்தது.

ஊரிலிருந்து தினமும் வந்துபோக முடியாது. கடலை மில்லுக்குப் பின்னால் ஒரு அறையை நானும் வசந்தாவும் சேர்ந்து எடுத்திருந்தோம். வசந்தா சேலத்துக்காரி, பள்ளிக்கூட டீச்சர். என்னைவிட நான்கு வயது பெரியவள். கடிகாரத்தை வலது கையில் கட்டுவாள், பால் இல்லாமல் காபி குடிப்பாள், பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் கதை எழுதுவாள். எனக்கு அவள் செய்வதெல்லாம் அதிசயமாக இருந்தது. நானும் ஒரு வாரம் பால் இல்லாமல் காபி குடித்துப் பார்த்தேன். வயிற்றைப் பிரட்டியது.

சனிக்கிழமை மாலையானால் டூரிங் டாக்கீஸ். பெண்கள் பக்கம் மணல்தான். அந்த நாளில் கதாநாயகிகளுக்கு ஒரு வழக்கம் இருந்தது, நீங்களும் கவனித்திருப்பீர்கள். இடைவேளை வரைக்கும் சாட்டையைச் சுழற்றுவாள், ஜீப் ஓட்டுவாள், நாலு பேரைத் தூக்கிப் போட்டு மிதிப்பாள். முறுக்கு வாங்கிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தால், அதே பெண் தலை நிறையப் பூ வைத்து, கதாநாயகனுக்குத் தோசை சுட்டுக்கொண்டிருப்பாள். வசந்தா மணலை அள்ளிக் கீழே போடுவாள்.

"இடைவேளையில இவளுக்கு என்னத்தக் குடுக்கிறாங்கன்னு தெரியலையே!"

எனக்கோ அந்த முதல் பாதி போதும். படம் விட்டு வரும்போது குடையைச் சாட்டை மாதிரி பிடித்துக்கொண்டு நடப்பேன். ஒருமுறை அப்படி வீசி நடந்ததில் மில்லுக்காரர் வீட்டு ஆடு மிரண்டு அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. நான்தான் துரத்திப் பிடித்துக் கொண்டுவந்து கட்டினேன். என் வீரம் அவ்வளவுதான்.

வாரப் பத்திரிகைக் கதைகளும் வசந்தாவுக்கு ஆகாது. "எல்லாக் கதையிலும் பொம்பளை அழுவுறா, இல்லாட்டி மன்னிக்கிறா. நான் எழுதுறவ அழ மாட்டா, பாரு" என்பாள். அவள் எழுதியதையெல்லாம் நான்தான் டைப் செய்து தருவேன். அலுவலக நேரம் முடிந்து அரை மணி, மதியம் சாப்பிடாமல் அரை மணி. ஏழு கதைகள் அடித்தேன். ஏழும் திரும்பி வந்தன. வரும்போதெல்லாம் அவளைவிட நான்தான் அதிகம் வருத்தப்பட்டேன். வரிக்கு வரி தெரிந்த கதைகள் அல்லவா.

அந்த அரை மணி நேரத்தில்தான் அது நடந்தது. எல்லாரும் கிளம்பிய பிறகு ஒரு நாள் கண்காணிப்பாளர் மணி அடித்தார். குறிப்பெடுக்கும் நோட்டோடு உள்ளே போனேன். ஒரு கடிதம் சொன்னார். பாதியில் எழுந்து வந்து, என் பின்னால் நின்று, நோட்டைப் பிடித்திருந்த கையின் மேல் தன் கையை வைத்தார். எடுக்கவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "சார், ரிப்பன் மாத்தணும்" என்றேன். நாக்கில் வந்தது அதுதான். சொல்லிவிட்டு எழுந்து வெளியே வந்தேன். பின்னால் இருந்த குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன். கை நீலம்கூடப் போய்விட்டது, அவ்வளவு நேரம்.

ராஜம்மாக்கா அங்கே வாளி கழுவிக்கொண்டிருந்தாள். அலுவலகத்தைப் பெருக்கி, தண்ணீர் எடுத்து வைக்கிற வேலை அவளுக்கு. அவளுடையதும் தற்காலிகம்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன் திரும்பவில்லை, ஒரே மகள். வெற்றிலையை மென்றபடி ஓயாமல் பேசுவாள். அன்றைக்கு மெல்லுவதை நிறுத்தினாள். என் முகத்தைப் பார்த்தாள், அந்த அறைக் கதவைப் பார்த்தாள். "வூட்டுக்குப் போ கண்ணு. நேரா போ" என்றாள்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு நான் வேலைக்குப் போனேன். போகாமல் என்ன செய்வது? பதினொரு மணிக்கு அவர் மணி அடித்தார். நான் எழுந்தேன். எனக்குப் பின்னாலேயே வாளியோடும் ஈரத்துணியோடும் ராஜம்மாக்காவும் உள்ளே வந்து, மூலையில் குந்திக்கொண்டு தரையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"உன்னை யாரு கூப்பிட்டா?"

"தரை பிசுபிசுன்னு இருக்குதுங்க சார். நீங்க பாட்டுக்குச் சொல்லுங்க, நான் பாட்டுக்குத் தொடைக்கிறேன்."

அன்று மட்டும் இல்லை. மூன்று மாதம். அவர் எனக்கு மணி அடித்தால் ராஜம்மாக்கா வாளியைத் தூக்குவாள். காலையில் துடைத்த இடத்தையே மாலையிலும் துடைப்பாள். "ஆர்டர் போடும்போது உன்னைப் பார்த்துக்கறேன்" என்று அவர் ஒரு நாள் சொன்னது என் காதிலேயே விழுந்தது. "சரிங்க சார்" என்றாள், துணியைப் பிழிந்தாள், மறுபடி துடைத்தாள். தர்மபுரி மாவட்டத்திலேயே அவ்வளவு சுத்தமான தரை அந்த அறைக்குத்தான் இருந்திருக்கும். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. சொன்னால் அந்த விஷயத்துக்கு ஒரு பெயர் வைக்க வேண்டியிருக்கும் என்று பயந்தேனோ என்னவோ.

ஆனால் வசந்தாவிடம் சொன்னேன். ஸ்டவ்வில் உப்புமா கிண்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், ரிப்பனையும் ராஜம்மாக்காவையும் சேர்த்து. கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஒரு அறை விட்டிருக்க வேணாமாடி?"

"தோணலை வசந்தா."

"தோணலையா?"

அவள் குரலில் இருந்தது இரக்கம் என்று நினைத்தேன். பிறகு என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். உப்புமா அடிப்பிடித்துவிட்டது. அதையே சிரித்துக்கொண்டு சாப்பிட்டோம். அப்படி ஒரு சிநேகிதி கிடைத்ததற்கு அன்று நான் செபமாலை சொல்லிவிட்டுப் படுத்தேன்.

அதற்குப் பிறகு அவள் எட்டாவதாக ஒரு கதை எழுதினாள். அதை மட்டும் என்னிடம் டைப் செய்யத் தரவில்லை. "நீ களைச்சுப்போய் வர்றே, நானே கையால எழுதி அனுப்பிட்டேன்" என்றாள். என்ன கரிசனம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கதை பரிசு வாங்கியது. பேருந்து நிலையத்துப் பத்திரிகைக் கடையில் கட்டுப் பிரித்த அன்றே, எங்கள் அலுவலகத்து கிளார்க் ஒருவர் வாங்கி வந்துவிட்டார். மதியம் நான் உள்ளே நுழைந்ததும் நான்கு மேஜைகளில் பேச்சு நின்றது. பத்திரிகை என் டைப்ரைட்டர் மேல் விரித்து வைத்திருந்தது.

கதாநாயகிக்கு என் பெயர், ஓர் எழுத்து மட்டும் மாறியிருந்தது. என் ஊர்க் கோவில், என் கன்னத்து மச்சம், நீல விரல்கள். கடத்தூர் கடத்தூராகவே இருந்தது. ஆபீசர் கையை வைக்கிறார், அவள் எழுந்து அறைகிறாள். அறை விழுந்த சத்தத்துக்கு மட்டும் நாலு வரி. பிறகு ராஜினாமாவை அவர் முகத்தில் வீசிவிட்டு, தலையை நிமிர்த்தி வெயிலில் நடந்து போகிறாள். மறுநாள் காலை எங்கே போனாள் என்று இல்லை. கதை அங்கேயே முடிந்துவிடுகிறது.

பொய் சொல்ல மாட்டேன், அந்த நாலு வரியைப் படிக்கும்போது எனக்கும் உடம்பு சிலிர்த்தது. அதற்கு அடுத்த வரியில்தான் அந்தப் பெருக்குகிறவள் வந்தாள். வாயில் வெற்றிலை, கையில் வாளி. ஆபீசர் கண்ணைக் காட்டினால் கதவைச் சாத்திவிட்டு வெளியே காவல் நிற்பவள். கதாநாயகி அவளைத் தாண்டிப் போகும்போது, "நீயும் ஒரு பெண்ணா?" என்று கேட்கிறாள்.

கண்காணிப்பாளர் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. அந்தக் காலாண்டு முடிந்ததும் என் ஆர்டர் வரவில்லை, அவ்வளவுதான். கதையில் அறை வாங்கியவர் நாற்காலியில் இருந்தார். அறைந்தவள் வீட்டுக்குப் போனாள்.

ஆர்டர் நின்ற வாரமே அப்பா பஸ் ஏறி வந்துவிட்டார். எங்கள் பங்குக் கோவிலில் யாரோ படித்துச் சொல்லியிருக்கிறார்கள். மில் வாசலில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். கத்துவார் என்று நினைத்தேன். அவர் தாழ்ந்த குரலில், கிட்டத்தட்ட ஆசையாகக் கேட்டார்.

"நெசமாவே அறைஞ்சியாம்மா?"

"இல்லப்பா."

துண்டை உதறித் தோளில் போட்டார். "அறைஞ்சிருக்கலாம்" என்றார். என் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். வழியெல்லாம் அவர் என்னோடு பேசவில்லை. அந்தக் கதைப் பெண்ணோடு பேசிக்கொண்டு வந்தார் என்று எனக்குப் பட்டது. எனக்குப் பதிலாக அவளைப் பெற்றிருக்கலாம் என்று நினைத்தாரோ?

ஆனால் அந்தப் பெட்டியைக் கட்டுவதற்கு முன்னால் நான் வசந்தாவைக் கேட்டேன். அவளுக்கு உண்மையாகவே புரியவில்லை.

"உன்னை நான் கேவலமாவா எழுதினேன்? எவ்வளவு உயர்த்தி எழுதியிருக்கேன்! நீ செஞ்சிருக்க வேண்டியதை எழுதினேன்டி."

"ராஜம்மாக்கா?"

"அது கதை. கதையில ரெண்டு பேரு தைரியமா இருந்தா, யாரு கதைன்னே தெரியாமப் போயிடும். ஒருத்தி எடுப்பா தெரியணும்னா பக்கத்துல இருக்கறவ மங்கலா இருக்கணும்."

"அந்தக்கா மேஜைக்கு மேஜை கேலியைக் கேட்டுக்கிட்டு இருக்காங்க வசந்தா."

"அவங்களுக்குத்தான் படிக்கத் தெரியாதே."

இதை அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் மறக்க முடியவில்லை. அந்த ராத்திரியே அவள் பக்கத்துப் பாயில் நிம்மதியாகத் தூங்கினாள்.

படிக்கத் தெரியாதுதான். படித்துக் காட்ட ஆள் இருந்தார்களே. கிளார்க்குகள் அவளைக் "காவல்காரி" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். என் கடைசி வாரத்தில் ஒரு நாள் ராஜம்மாக்கா குழாயடியில் என்னை நிறுத்தினாள்.

"அந்த டீச்சரம்மாவை எனக்குத் தெரியாதுங்க. அவங்களுக்கு என்னைத் தெரியாது. நீங்க சொல்லாம எப்பிடிங்க எழுதுனாங்க?"

'கண்ணு' போய்விட்டது, 'நீ' போய்விட்டது. என்னைவிடப் பதிமூன்று வயது பெரியவள் எனக்கு 'ங்க' போட்டாள்.

"நான் அப்பிடிச் சொல்லலைக்கா. உள்ளதைத்தான் சொன்னேன்."

"நான் கதவைச் சாத்துனேனுங்களா?"

"இல்லக்கா!"

"அப்ப, வேற என்னாதான் சொன்னீங்க?"

நான் அழுதேன். அவள் அழவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று மாலை அந்த டைப்ரைட்டரில் எனக்காக ஒரே ஒரு கடிதம் அடித்தேன், பத்திரிகை ஆசிரியருக்கு. மூன்று பத்தி. டைப்பிஸ்ட் புத்தி, மரியாதையாக ஆரம்பித்தேன்: தங்கள் இதழில் வந்த பரிசுக் கதையைப் படித்தேன், கதாநாயகியின் துணிச்சல் பாராட்டத்தக்கது. அடுத்த பத்தி 'ஆனால்' என்று தொடங்கியது. நடந்தது எல்லாம் அதில் இருந்தது. யாரும் யாரையும் அறையவில்லை, கதவைச் சாத்தியதாக எழுதப்பட்ட பெண்தான் மூன்று மாதம் கதவைத் திறந்து வைத்தவள், அவளிடம் நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முடித்தேன். தபால்பெட்டியில் போட்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக சினிமாவின் முதல் பாதியில் இருப்பது போல இருந்தது.

மூன்றாவது வாரம் கடிதத்தைப் போட்டார்கள். நான் ஊரில் இருந்தேன். அண்ணன்தான் பாப்பாரப்பட்டியிலிருந்து பத்திரிகையை வாங்கி வந்தான். வாசகர் பக்கத்தில், கட்டம் கட்டி: 'தங்கள் இதழில் வந்த பரிசுக் கதையைப் படித்தேன். கதாநாயகியின் துணிச்சல் பாராட்டத்தக்கது.' கீழே என் முழுப் பெயர், கடத்தூர். 'ஆனால்' என்ற சொல்லுக்கு முன்னால் கத்தரித்திருந்தார்கள்.

அதையும் ராஜம்மாக்காவுக்கு யாராவது படித்துக் காட்டியிருப்பார்கள்.

நான் அன்றைக்கே கடத்தூருக்குப் பஸ் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. நாளைக்கு, அடுத்த வாரம், கடலைக்காய் பிடுங்கிவிட்டு என்று தள்ளிக்கொண்டே போனேன். பிறகு ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை கிடைத்தது. கல்யாணமானது, காரிமங்கலத்துக்கு வந்தேன். ஐந்தாறு வருடம் ஓடிவிட்டது.

காரிமங்கலம் சந்தையில்தான் அவளைப் பார்த்தேன். தக்காளிக் கூடைகளுக்கு நடுவில், மகளோடு நின்றுகொண்டிருந்தாள். மகளை இந்தப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். "நல்லா இருக்கீங்களாம்மா? கொழந்தைங்க எத்தனை?" என்று விசாரித்தாள். அந்த அலுவலகத்தில் இன்னும் இருப்பதாகச் சொன்னாள். கண்காணிப்பாளர் மாற்றலாகிப் போய்விட்டாராம்.

சந்தை இரைச்சலில் சத்தம் போட்டே சொன்னேன். "அக்கா, அந்தக் கடுதாசியை நான் முழுசா எழுதினேன். அவங்கதான் வெட்டிட்டாங்க. நகல் வச்சிருக்கேன்க்கா. வூட்டுக்கு வாங்க, படிச்சுக் காட்டறேன். நடந்தது எல்லாத்தையும் எழுதியிருக்கேன்."

அவள் பொறுமையாகக் கேட்டாள். கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் அதையாவது பிடித்துக்கொண்டிருப்பேன்.

"நீங்க படிச்சுக் காட்டுவீங்க. அதுல அதான் எழுதியிருக்குதுன்னு எனக்கு எப்பிடிங்க தெரியும்?"

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவளே என் கையை லேசாகத் தொட்டு, "வுடுங்க, வேலையைப் பாருங்க" என்றாள். மகள் கூப்பிட்டாள். கிருஷ்ணகிரி பஸ்ஸுக்குப் போகிற கூட்டத்தில் கலந்துவிட்டாள். நன்றி என்ற அந்த ஒரு வார்த்தையை அப்போதும் சொல்லவில்லை என்பது பஸ் போன பிறகுதான் உறைத்தது.

இப்போது அந்த அலுவலகத்தை இடித்துவிட்டு வரிசையாகக் கடைகள் கட்டியிருக்கிறார்கள். எது எந்த அறையாக இருந்தது என்று என்னால்கூடச் சொல்ல முடியாது. அந்த வாரப் பத்திரிகை நின்று எத்தனையோ வருடம். வசந்தா பெரிய எழுத்தாளராகி, ஏழெட்டுப் புத்தகம் போட்டு, போன வருடம் காலமானாள். செய்தி பார்த்தேன், போகவில்லை. கண்காணிப்பாளர் அதற்கும் முன்பே போய்விட்டார். ராஜம்மாக்கா மகள் வீட்டில் இறந்துபோனாள் என்று கேள்விப்பட்டேன். எந்த வருடம் என்று சொல்ல ஆள் இல்லை. அந்த மூன்று மாதமும் அந்த அறைக்குள் இருந்தவர்கள் மூன்றே பேர். அதில் இரண்டு பேர் இல்லை. நடந்தது இதுதான் என்று சொல்ல நான் ஒருத்திதான் மீதி, என்னையும் அவள் நம்பாமல்தான் போனாள்.